சிரமமின்றி மாறினாராம்

எங்கள் ஊர் வாத்தியக் குழுவின் நூற்றைம்பதாம் ஆண்டு மலரில் அறுபத்து நான்கு பக்கங்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் ரோஸ்விதாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. "பாஸ் வரிசையில் திருமதி ரோஸ்விதா கஸ்டைகர் இவ்வாண்டு புதிய பி ட்யூபாவுக்குச் சிரமமின்றி மாறினார்." அதே மலரில், விழாவுக்கு மேசையும் பெஞ்சும் இரவல் தந்த தீயணைப்புப் படைக்கு ஏழு வரி.

சிரமமின்றி. அந்தச் சிரமம் எப்படி இருந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்த செவிலி. எனக்கு வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. ஆனால் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே குழுவின் ஒத்திகைக் கூடம். செவ்வாய்க்கிழமை தோறும், வேண்டுமோ வேண்டாமோ, எல்லாம் என் காதில் விழும். ரோஸ்விதா என் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறாள். அவளுக்கு ஐம்பத்தொன்பது.

அவள் பிறந்தது மேட்டுப் பண்ணையில், ஆறாவது பிள்ளையாக. பதினேழு வயதில் அவளைப் பீப்பாய்ப் பெண்ணாக்கினார்கள். ஆஸ்திரியாவில் எங்கள் டிரோல் பகுதியில் குழு அணிவகுக்கும்போது முன்வரிசையில் நான்கு இளம்பெண்கள் தோளில் சின்னச் சாராயப் பீப்பாயை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். நிற்கும் இடத்தில் எல்லாம் ஊற்றிக் கொடுப்பார்கள். முகம் நன்றாக இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ரோஸ்விதா நான்கு கோடை அந்த வேலையைச் செய்தாள். "ஒரு கைல பீப்பாயப் பிடிக்கணும், இன்னொரு கையால அவனவன் கையத் தள்ளிவிடணும். மூணாவது கை இருந்தா ஊத்தியும் கொடுக்கலாம்" என்பாள்.

1982இல் வட்டார விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ட்யூபா வாசித்தவருக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. இனி கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைச் சுமக்க ஆண்களில் எவனும் முன்வரவில்லை. ட்யூபா என்பது அடித்தொனி தரும் பெரிய பித்தளை ஊதுகுழாய், பின்வரிசை வாத்தியம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரோஸ்விதா, "நான் தூக்குறேன்" என்றாள். சிரித்தார்கள். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற அட்டவணையை மாட்டுத் தொழுவத்தின் கதவில் ஒட்டிவைத்து, பால் கறந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். விழாவில் வாசித்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை. பாஸ் வரிசை என்று ஒன்று இருப்பது அது நின்றுபோனால்தான் தெரியும்.

முப்பத்தேழு வருடம் அதே எஃப் ட்யூபா. ஏழு மாதக் கர்ப்பத்தில் வயிற்றுக்கு மேல் வைத்துக்கொண்டு அணிவகுத்தாள். அவள் கணவன் வேலைக்கென்று ஜெர்மனிக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியுடன் தங்கிவிட்டான். மகளை வளர்க்க பஸ் ஓட்டும் உரிமம் எடுத்தாள். பள்ளத்தாக்கின் கடைசி ஊர் வரை போகும் மஞ்சள் பஸ் இருபத்தாறு வருடமாக அவள் கையில். தாமதமாக வந்தது என்று ஒரு புகார் கிடையாது, பனிக்காலத்தில்கூட.

இவளுடைய ட்யூபாவைத்தான் மார்ச் மாதத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டார்கள்.

அன்று செவ்வாய். ஜன்னலைத் திறந்து வைத்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தின் ஜன்னல்களும் திறந்திருந்தன. ரோஸ்விதாவின் குரல் கேட்டது.

"என் ட்யூபா எங்க?"

"உன்னோடதா? அது குழுவோடது" என்றான் எங்கல்பெர்ட். குழுவின் தலைவன், மர ஆலைக்காரன், முதல் ட்ரம்பெட். "பக்கத்துப் பள்ளத்தாக்குக் குழுவுக்குக் குடுத்தாச்சு. இதோ பாரு, புத்தம் புதுசு, ரெண்டு. ஜோடி மாடு மாதிரி நிக்குது பாரு. ஆண்டு விழாப் படத்துல அம்சமா இருக்கும்."

"இது பி ட்யூபா."

"ஆமா."

"நான் வாசிக்கிறது எஃப்."

"அதனால என்னம்மா? அதுலயும் நாலு விசை, இதுலயும் நாலு விசை. நான் பாட்டு மாறும்போதெல்லாம் பெரிய ட்ரம்பெட்டக் கீழ வச்சிட்டு சின்னத எடுக்கலையா? என்னைக்காவது மூக்கால அழுதிருக்கேனா? ஒரு வாரத்துல கை பழகிடும்."

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் அநியாயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பெரிய ட்ரம்பெட்டுக்கும் சின்ன ட்ரம்பெட்டுக்கும் குழாயின் நீளம் வேறு. ஆகவே ஒரே விரலை அழுத்தினால் வேறு வேறு சுரம் வரும். ஆனால் ட்ரம்பெட்காரர்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. அவர்களுக்கான இசைத்தாளை எழுதுகிறவரே ஒவ்வொரு ட்ரம்பெட்டுக்கும் சுரங்களை முன்கூட்டியே இடம் மாற்றி எழுதிக் கொடுத்துவிடுவார். வாத்தியம் மாறினால் தாள் மாறும், விரல் மாறாது. எஃப் ட்யூபாவைவிட பி ட்யூபாவின் குழாயும் நீளம்தான், ஆனால் ட்யூபாவுக்கு எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை. எந்த ட்யூபாவானாலும் தாள் ஒன்றுதான், அதில் என்ன சுரம் எழுதியிருக்கிறதோ அதுதான் ஒலிக்க வேண்டும். வாத்தியம் மாறினால் விரல்கள்தான் மாற வேண்டும், ஒவ்வொரு சுரத்துக்கும். பி என்ற சுரத்துக்கு முப்பத்தேழு வருடமாக முதல் விரலை அழுத்திய கை, இனி எதையும் அழுத்தக் கூடாது. சி என்ற சுரத்துக்கு எதையும் அழுத்தாத கை, இனி நான்காவது விரலை அழுத்த வேண்டும்.

எங்கல்பெர்ட்டுக்கு வாழ்நாள் முழுக்க வேறு யாரோ அந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு வேலை இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாததை விடுங்கள், அதைத் தன் திறமை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்.

பேண்டு மாஸ்டர் வெண்டலினுக்குத் தெரியும். நகரத்தில் இசை நடத்துநர் படிப்புப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். அவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

எங்கல்பெர்ட் கடைசியாக இதையும் சொன்னான். "ஜூன்ல சர்ச் நற்கருணைப் பவனி வரைக்கும் டைம் எடுத்துக்க. அதுக்குள்ள வரலைன்னா என் மச்சான் ஆல்வின் உக்காரட்டும், அவனுக்கு பி தெரியும். உன்னையும் விட்டுட மாட்டோம். விழாவுல பீப்பாய்ப் பொண்ணுங்களுக்கு முன்னாடி மூத்தவளா நடக்கலாம், பழைய ஞாபகத்துக்கு. ஜனங்களுக்குப் பிடிக்கும்."

யாரோ சிரித்தார்கள். ரோஸ்விதா சிரிக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோளில் மறுபடியும் சாராயப் பீப்பாய்.

புதிய ட்யூபாவை வீட்டுக்குத் தூக்கிவந்து என் சமையலறையில் இறக்கிவைத்தாள். பழையதைவிட இரண்டு கிலோவாவது கூடுதல்.

"அந்த இடத்த விட மாட்டேன், ஹெட்விக்" என்றாள். "செத்தாலும் விட மாட்டேன்."

"சாகிற பேச்சு எதுக்கு? எத்தனை வாரம் இருக்கு?"

"பதினாலு."

"போதும். ஆனா நான் சொல்ற மாதிரி செய்யணும்."

"உனக்கு ட்யூபாவப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. கையப் பத்தித் தெரியும்."

வயதான தாயின் சமையலறையைப் பிள்ளைகள் நல்லெண்ணத்தில் மாற்றி அடுக்கிவிட்டுப் போவார்கள். எட்டு மாதம் கழித்தும் அவள் கரண்டியைப் பழைய இழுப்பறையில் தேடுவாள். உடனே பிள்ளைகள் எனக்குத் தொலைபேசியில் பேசுவார்கள், அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று. மறதியும் இல்லை, மண்ணும் இல்லை. கை தான் கற்றதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய தடம் அழியாது. பக்கத்தில் புதிய தடம் போட வேண்டும், அதில் தினமும் நடக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களின் கைகளுக்கு நான் செய்தது அதுதான்.

ஒரு நாளைக்கு மூன்று சுரம், அதற்கு மேல் கூடாது என்றேன். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். சுரத்தின் பெயரை வாயால் சொல்லிவிட்டு அழுத்த வேண்டும். களைப்பாக இருந்தால் அன்றைக்குத் தொடவே கூடாது, களைத்த கை பழைய வீட்டுக்குத்தான் போகும். தாளில் சுரத்துக்கு மேல் விரல் எண்ணைப் பென்சிலால் குறிக்கக் கூடாது என்றேன். அதில் மட்டும் சண்டை வந்தது.

"எல்லாரும் குறிச்சுக்குவாங்க."

"குறிச்சா நீ எண்ணத்தான் படிப்பே, சுரத்தப் படிக்க மாட்டே. ஊன்றுகோல் குடுத்தா அவன் ஊன்றுகோலோடதான் நடப்பான், எனக்குத் தெரியாதா?"

"நீ ஒரு ராட்சசி."

"ஆமா. உருளைக்கிழங்க எடுத்துக்க, ஆறிடும்."

தோல்பட்டை தோளை அறுத்தது. பழைய ஆட்டுத்தோலை மடித்து உள்ளே தைத்துக் கொடுத்தேன். அது ஒரு மாலை வேலை. குழுவில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் பதினெட்டு நிமிடம் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் மேல் விரல்களை வைத்துப் பழகினாள். பி, ஒன்றுமில்லை. சி, நான்கு. டி, ஒன்றுமில்லை. பின்னாலிருந்து பார்த்த மேய்ச்சல்காரர் ஒருவர், "ரோஸ்விதா, பஸ்ஸுக்கு எங்க அரிக்குது? சொல்லு, நானும் சொறிஞ்சு விடுறேன்" என்றாராம். அவரை அரை கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டதாகச் சொன்னாள். நான் நம்பினேன்.

நான்காவது வாரம் மோசமாக இருந்தது. பழைய விரலும் வரவில்லை, புதிய விரலும் வரவில்லை. ஒரு மாலை படி ஏறி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எனக்கு ரெண்டுமே போயிடுச்சு. எஃப்பும் தெரியல, பியும் தெரியல. வயசாயிடுச்சுன்னு அவன் சொல்றது சரிதான் போல."

"அவன் எப்ப சொன்னான்?"

"போன செவ்வாய். எல்லார் முன்னாடியும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு நேராக அவன் மர ஆலைக்கே போயிருப்பேன். என் முழங்கால் விடவில்லை.

"ரெண்டும் குழம்புறது நல்ல அறிகுறி" என்றேன். "புதுத் தடம் பழைய தடத்தோட மோதுற அளவுக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். போய்த் தூங்கு."

அது முழு உண்மைதானா என்று கேட்டால், பாதி உண்மை. சிலருக்கு அங்கேயே நின்றுபோகும். அதை அன்று சொல்ல வேண்டிய தேவை இல்லை.

அவள் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து எஃப் என்று சொன்னாள். ஒன்றுமில்லை. எஃப் என்ற சுரத்துக்கு மட்டும் இரண்டு ட்யூபாவிலும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. "இந்த ஒண்ணுதான் என்ன ஏமாத்துது" என்றாள். "எஃப்ல ஆரம்பிச்சா, அட, நம்ம வீடுன்னு கை நெனச்சுக்குது. அடுத்த சுரத்துக்குப் பழைய எடத்துலயே போய் விழுது."

மே முதல் தேதி அதுதான் நடந்தது.

மே முதல் தேதி விடிகாலை ஐந்து மணிக்குக் குழு புறப்பட்டு ஊரை எழுப்பும். வீடு வீடாக நின்று ஒரு அணிவகுப்புப் பாட்டு, வீட்டுக்கு வீடு ஒரு குவளை சாராயம், பன்றி வற்றல், ரொட்டி. மறுத்தால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். பத்தாவது வீடு ஊராட்சித் தலைவருடையது, என் ஜன்னலிலிருந்து அதன் வாசல் தெரியும். ரோஸ்விதா அதற்கு முந்தைய நாள் பஸ்ஸை இரண்டு ஷிப்டு ஓட்டியிருந்தாள், ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை. போகாதே என்று சொன்னேன். போகாவிட்டால் ஆல்வின் வந்து நிற்பான் என்றாள்.

பாட்டு எஃப்பில் தொடங்கி பிக்குத் தாவுகிறது. எஃப் சரியாக வந்தது. பிக்கு முதல் விரல் தானாக இறங்கியது. அவ்வளவு பெரிய குழாயிலிருந்து ஒரு படி கீழே தப்பான சுரம், நான்கு தாளத் தட்டுக்கு விடாமல். ஒரு ட்ரம்பெட் தப்பினால் கொசு கடித்த மாதிரி. ட்யூபா தப்பினால் வீட்டின் அடித்தளமே நகர்ந்த மாதிரி. கிளாரினெட்டுகள் தடுமாறின, தாளம் தடுமாறியது, ஊராட்சித் தலைவரின் நாய் ஊளையிட்டது.

எங்கல்பெர்ட் ட்ரம்பெட்டை இறக்கினான். "நாயே பாட்டக் கண்டுபிடிச்சிடுச்சு, உன்னால முடியல. பீப்பாய் உனக்கு நல்லா பொருந்தும், ரோஸ்விதா. யோசிச்சுப் பாரு."

ஊராட்சித் தலைவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை, அதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ரோஸ்விதா அழுவாள் என்று காப்பி போட்டு வைத்திருந்தேன். அவள் அழவில்லை. சீருடைத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு, "கூடத்து அலமாரியில எங்கல்பெர்ட்டோட சின்ன ட்ரம்பெட் இன்னும் இருக்குல்ல?" என்று கேட்டாள்.

அடுத்த செவ்வாய் ஒத்திகைக்கு நானும் போனேன். காரணம் கேட்டவர்களிடம், தோல்பட்டைகளைப் பார்க்க வந்தேன் என்றேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒத்திகை தொடங்கும் முன் ரோஸ்விதா எழுந்து, நடுவில் நடந்து, எங்கல்பெர்ட்டின் பெரிய ட்ரம்பெட்டை அவன் மடியிலிருந்து எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தாள். சின்ன ட்ரம்பெட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"பவனியில மொத பாட்டு. அதே தாள வச்சு இதுல வாசி."

"இதுக்கான தாள் எங்க?"

"அதுக்கான தாள்தான். உன் முன்னாடி இருக்கிறதுதான்."

"இது பெரிய ட்ரம்பெட்டுக்கு எழுதினது, ரோஸ்விதா."

"தெரியும். இதுலயும் மூணு விசை, அதுலயும் மூணு விசை. உனக்கென்ன?"

ஆல்வின் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கல்பெர்ட் பின்வாங்க முடியாத இடத்தில் இருந்தான். நாற்பது பேர் பார்க்கிறார்கள். "சரி, விளையாட்டுதானே" என்று சொல்லி அதை வாயில் வைத்தான். வெண்டலின் கோலை உயர்த்தினார், எல்லோரும் தொடங்கினார்கள்.

எங்கல்பெர்ட்டின் விரல்கள் பழகிய இடத்துக்கே போயின. பாட்டு எல்லோருக்கும் ஒரு உயரத்தில் ஓட, அவனுடையது வேறு உயரத்தில் தனியாகக் கத்தியது. அவன் முகம் சிவந்தது. திருத்தப் பார்த்தான். ஒரு சுரத்தைக் காதால் பிடித்து விரலைத் தேடினான், கிடைப்பதற்குள் மூன்று சுரம் போய்விட்டது. ஐந்தாவது வரியில் ட்ரம்பெட்டை இறக்கினான்.

"தாள் தப்பா இருக்கு" என்றான்.

"தாள் சரியாத்தான் இருக்கு" என்றாள் ரோஸ்விதா. "உனக்கு எப்பவும் தாள மாத்திக் குடுத்தாங்க. எனக்கு அதே தாளக் குடுத்துட்டு வாத்தியத்த மாத்தின. நீ அஞ்சு வரி தாங்கல. நான் எட்டு வாரமா தாங்கிட்டிருக்கேன். நாயப் பத்தி என்னமோ சொன்னியே, இப்ப சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. டமாரம் அடிக்கிற கிழவர் மட்டும், "இங்க நாய் இல்லாமப் போச்சே" என்று தன் டமாரத்திடம் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் வெண்டலின் வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரோஸ்விதா, உங்க தாளையும் மாத்திக் குடுக்கலாம். கம்ப்யூட்டர்ல போட்டா எல்லாப் பாட்டும் ஒரு மணி நேரத்துல வந்துடும். பழைய விரல்லயே வாசிச்சுக்கலாம்" என்றார்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். நான் பேச வேண்டிய இடம் அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

"மாஸ்டர், இது மார்ச் மாசமே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேர் வாயிலிருந்து இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். படுக்கைப் புண் வந்த பிறகு, விழுந்து இடுப்பு உடைந்த பிறகு. தெரிந்தவர் சும்மா இருப்பது தெரியாதவன் பேசுவதைவிட மோசம். அதை அவரிடம் சொன்னேன். அவர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

எங்கல்பெர்ட்டுக்கு உயிர் வந்தது. "அப்படியே செய்ங்க மாஸ்டர். பிரச்சினை தீர்ந்துச்சு."

"வேண்டாம்" என்றாள் ரோஸ்விதா.

"என்னம்மா வேண்டாம்? இப்பத்தானே..."

"மார்ச்சுல குடுத்திருந்தா கும்பிட்டு வாங்கியிருப்பேன். இப்ப என் கை பாதி ஆத்தத் தாண்டியாச்சு. நடுவுல திருப்பினா மூழ்கிடும். வட்டார விழாவுல வேற குழுவோட தாள் வச்சு வாசிக்கச் சொன்னா அங்க யாரு மாத்திக் குடுப்பா? நான் முழுசாக் கத்துக்கிறேன். எனக்கு வேண்டியது வேற. பவனி வரைக்கும் அந்த நாற்காலி என்னோடது. பவனியில நான் தப்பினா நானே எந்திரிச்சுப் போறேன். தப்பலைன்னா பீப்பாய்ங்கிற பேச்சு இந்தக் கூடத்துல இனி கேக்கக் கூடாது. கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. முதலில் எழுந்த கை ஆல்வினுடையது. அவனிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ட்ராம்போனை விட்டு ட்யூபாவுக்கு வர அவனுக்கு இஷ்டமே இல்லையாம்.

அதற்குப் பிறகு ஆறு வாரம். மூன்று சுரம் என்பது வரிசையாக மாறியது, வரிசை பாட்டாக மாறியது. இப்போது வேண்டுமென்றே களைப்பாக இருக்கும்போதும் வாசிக்க வைத்தேன், பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு. எஃப்பில் தொடங்கி பிக்குத் தாவுவதை மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது முறை. கீழ்வீட்டிலிருந்து தரை வழியாக அதைக் கேட்டுக் கேட்டு என் பூனை இடம் மாறிப் படுத்தது. ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் கேட்டேன், நாற்பதில் நாற்பதும் சரி. கீழே போய்ச் சொல்லவில்லை. சொன்னால் எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

ஜூன் இருபதாம் தேதி பவனி. வெயில். தோட்டத்துப் பியோனி மலர்களைத் தெருவெல்லாம் தூவியிருந்தார்கள். வழியில் நான்கு பலிபீடம், ஒவ்வொன்றிலும் நின்று ஒரு பாட்டு, பழைய சீருடையில் வரும் ஊர்த் துப்பாக்கிப் படையினரின் மரியாதை வேட்டு. நான் மேல்தெரு ஓட்டிலியாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குழுவுக்கு நேர் பின்னால் நடந்தேன். வேறு யாருக்கும் தள்ளக் கொடுக்கவில்லை. பின்வரிசையில் ரோஸ்விதாவின் வலது கை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

முதல் பலிபீடத்தில் பாட்டு எஃப்பில் தொடங்கியது. பிக்கு விரல்கள் எழுந்தே நின்றன. இரண்டாவதிலும் சரி. மூன்றாவதில் வேட்டுச் சத்தத்துக்கு எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. முதல் விரல் மெல்ல அசைந்ததைப் பார்த்தேன். விசையைத் தொட்டது, அழுத்தவில்லை. திரும்பி மேலே போனது. ஓட்டிலியாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. "ஏன் என் தோளை நசுக்குறே?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

நான்காவது பலிபீடம் முடிந்து தேவாலயத்துக்குத் திரும்பும் வழியில், கடைசித் தெருவில், ஒரு சுரம் தப்பியது. ஒன்றே ஒன்று. அது ரோஸ்விதாவுடையது அல்ல. இரண்டாம் ட்ரம்பெட். யாருக்கும் கேட்கவில்லை, ட்ரம்பெட் அல்லவா.

எங்கல்பெர்ட் பிறகு அவளிடம் வந்து கை கொடுத்தான். "சொன்னேன்ல, பழகிடும்னு" என்றான். அவள் கையைக் கொடுத்துவிட்டு ட்யூபாவைத் துடைக்கப் போனாள்.

ஜூலையில் ஆண்டு விழா. பந்தல் வாசலில் மலர் கொடுக்கும் மேசையில் என்னை உட்காரச் சொன்னார்கள், முழங்கால் சரியில்லாதவள் என்று. அங்கேதான் நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தேன். எங்கல்பெர்ட் அந்தப் பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான். ஏன், நல்லாத்தானே எழுதியிருக்கு?"

"எப்ப எழுதின?"

"எப்பன்னா? அச்சுக்கு ஈஸ்டருக்கு முன்னாடியே குடுத்தாகணும்ல."

ஈஸ்டருக்கு முன்னால். அதாவது ஏப்ரல் தொடக்கம். நான்காவது வாரம். அவள் என் சமையலறையில் உட்கார்ந்து இரண்டும் போய்விட்டது என்று சொன்ன அதே நாட்களில், இவன் ஒரு பக்கம் அவளை வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, இன்னொரு பக்கம் சிரமமின்றி மாறினார் என்று எழுதி அச்சுக்கு அனுப்பியிருக்கிறான். ட்யூபா மாற்றியது நல்ல முடிவு என்று மலரில் இருக்க வேண்டுமே. அவள் மாறினாளா இல்லையா என்பது அதற்குத் தேவையே படவில்லை.

"ஒரு பேனா குடு" என்றேன்.

"எதுக்கு?"

"கணக்குப் போட."

சட்டைப் பையிலிருந்து கொடுத்தான். மர ஆலையின் பெயர் அச்சிட்ட நல்ல பேனா, மசி நன்றாக வந்தது. மேசையில் முந்நூறு மலர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, 'சிரமமின்றி' என்பதை அடித்துவிட்டு, மேலே 'பதினான்கு வாரத்தில்' என்று எழுதினேன். பந்தலுக்குள் குழு வாசித்துக்கொண்டிருந்தது. எஃப், பிறகு பி. அடித்தளம் அதன் இடத்தில் நின்றது. நூற்றிருபதாவது மலரில் கை வலித்தது, இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். எழுத்து கோணலாக வந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.